இரண்டே போல்ட்... ஒரு மெழுகு வளையம்... தெரியுமா?

நாற்பது கிலோ எடையுள்ள பீங்கான்! அதன் மேல் எண்பது கிலோ மனிதர்! தினமும் உட்காருகிறார், எழுகிறார், வருடக்கணக்கில்! அமெரிக்க வீடுகளில் இந்த டாய்லெட்டைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத இரண்டு போல்ட்டுகள்! சரி, அடியில் ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் காப்பது எது? மெழுகு! ஆமாம், வெறும் மெழுகு!

நம்ம ஊரில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தால் சுற்றிலும் வெள்ளை சிமென்ட் பூசி இறுக்கிவிடுவார்கள். மாற்ற வேண்டுமென்றால் உளியும் சுத்தியலும் வரும், கூடவே டைல்ஸ் உடையும், வீடெல்லாம் தூசி பறக்கும். அங்கே அந்தப் பேச்சே இல்லை! இரண்டு நட்டைக் கழற்று, தூக்கு, புதியதை வை, இறுக்கு! பிளம்பரைக் கூப்பிட்டாலே பர்ஸ் இளைத்துவிடும் நாடு என்பதால், வீட்டுக்காரரே ஸ்பேனரோடு இறங்கிவிடுகிறார். அரை நாள் வேலை! அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா மகனைக் கேட்டுப் பாருங்கள், அவரே ஒன்றிரண்டு மாற்றியிருப்பார்!

இந்த அரை நாள் வேலைக்குள் எத்தனை ஆச்சரியங்கள் ஒளிந்திருக்கின்றன தெரியுமா? கடிகாரக்காரர் வருகிறார், கடத்தல்காரர்கள் வருகிறார்கள், சோயா விழுது வருகிறது, ஒரு நீர்மூழ்கிக் கப்பல்கூட வருகிறது!

வடை மாதிரி ஒரு வளையம்!

அந்த மெழுகு வளையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் ஓட்டை போட்ட பெரிய மெதுவடை மாதிரியே இருக்கும்! தரைக்குள்ளிருந்து வரும் கழிவுக் குழாயின் வாயில் ஃபிளேஞ்ச் என்று ஒரு வட்டத் தகடு. அதன் மேல் இந்த வளையம். அதன் மேல் டாய்லெட். மனிதர் ஏறி உட்கார்ந்ததும் மெழுகு நசுங்கி, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து அடைத்துக்கொள்ளும்! தண்ணீரும் வராது, வாடையும் வராது!

விலை? சில டாலர்தான்! ஆயுள்? பத்து இருபது வருஷம் அசையாமல் கிடக்கும்! ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரே ஒரு தடவைதான் நசுங்கும்! வைத்தது கோணலாகிவிட்டதே என்று டாய்லெட்டைத் தூக்கி மறுபடி வைத்தீர்களா? போச்சு! அந்த வளையம் குப்பைக்கு, கடைக்குப் போய் இன்னொன்று வாங்க வேண்டும்! அதனால்தான் அனுபவசாலிகள் முதலிலேயே இரண்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலமாக இருந்தால் வளையத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். குளிர்ந்த மெழுகு கல் மாதிரி விறைத்து, சரியாக நசுங்காது!

ஒரு டேப்பில்தான் தலையெழுத்து!

புது டாய்லெட் வாங்கும் முன் அளக்க வேண்டிய ஓர் அளவு இருக்கிறது. எது? உயரமா? அகலமா? இரண்டும் இல்லை! சுவரிலிருந்து அந்த போல்ட்டின் நடு வரைக்கும் உள்ள தூரம்! அதற்கு ரஃப்-இன் என்று பெயர். அமெரிக்காவில் இது பெரும்பாலும் 12 அங்குலம். பழைய வீடுகளில் 10 இருக்கும், 14 இருக்கும்! 10 அங்குல இடத்துக்கு 12 அங்குல டாய்லெட் வாங்கி வந்தால் என்ன ஆகும்? தொட்டி சுவரில் முட்டும்! உட்காரவே உட்காராது! நாற்பது கிலோவைத் திரும்பக் காரில் ஏற்ற வேண்டியதுதான்! சுவரடியில் ஓடும் மரச்சட்டத்திலிருந்து அளந்து ஏமாந்தவர்கள் ஏராளம். அளவைச் சுவரிலிருந்துதான் எடுக்க வேண்டும்!

கடிகாரக்காரரும் பூட்டுக்காரரும்!

டாய்லெட்டை உலகுக்குக் கொடுத்தவர் யார்? தாமஸ் கிராப்பர் என்று பலர் சொல்வார்கள். இல்லவே இல்லை! அவர் 1836-ல் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு 240 வருஷம் முன்னாலேயே, 1596-ல், ஃபிளஷ் டாய்லெட்டைப் பற்றி ஒருவர் புத்தகமே எழுதிவிட்டார்! அவர் பிளம்பரா? கவிஞர்! இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் ஞானப்பிள்ளை, சர் ஜான் ஹாரிங்டன்!

1775-ல் முதல் காப்புரிமை வாங்கியவர் என்ன தொழில் செய்தார் தெரியுமா? கடிகாரம் செய்தார்! பெயர் அலெக்சாண்டர் கம்மிங். மூன்று வருஷம் கழித்து, 1778-ல், அதை மேம்படுத்தி இன்னொரு காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமா பூட்டு செய்வதில் பேர் போனவர்! கவிஞர், கடிகாரக்காரர், பூட்டுக்காரர்! யார் யாரெல்லாம் சேர்ந்து இந்தப் பீங்கானை உருவாக்கியிருக்கிறார்கள் பாருங்கள்!

அதற்கெல்லாம் முன்னால்? மொகஞ்சதாரோவுக்குப் போங்கள். சுமார் 4,500 வருஷத்துக்கு முன்பே அங்கே வீட்டுக்குள் கழிப்பறை, அங்கிருந்து தெருச் சாக்கடைக்குச் செங்கல் கால்வாய்!

கம்மிங் செய்த பெரிய காரியம் எது? குழாயை வளைத்தார்! அவ்வளவுதான்! பாம்பு மாதிரி வளைந்த அந்தக் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அதுதான் நீர்ப்பூட்டு! சாக்கடை வாயு அதைத் தாண்டி மேலே வர முடியாது. அமெரிக்க விதிப்படி அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? குறைந்தது 2 அங்குலம்! நம் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே நிற்கும் காவல்காரர் அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான்! வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய், இரண்டு மாதம் கழித்து வந்து கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் குப்பென்று அடிக்கிறதே, ஏன்? தேங்கிய தண்ணீர் வற்றியிருக்கும்! ஒரு வாளி ஊற்றுங்கள், பூட்டு மறுபடி விழுந்துவிடும்!

அந்த 'களக்' சத்தம்!

ஃபிளஷ் பண்ண மின்சாரம் வேண்டுமா? வேண்டாம்! மோட்டார்? வேண்டாம்! மேலே இருக்கும் தண்ணீர் கீழே விழுகிறது, அவ்வளவே! தொட்டித் தண்ணீர் சில நொடிகளில் மொத்தமாக இறங்கும்போது வளைந்த குழாய் முழுக்க நிரம்பி, உறிஞ்சு குழாய் மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் 'களக்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? காற்று உள்ளே புகுந்து அந்த உறிஞ்சலை அறுக்கும் சத்தம்!

தொட்டியே இல்லாவிட்டாலும் ஃபிளஷ் ஆகும், தெரியுமா? ஒரு வாளித் தண்ணீரை வேகமாகக் கவிழ்த்துப் பாருங்கள். போய்விடும்! அதே தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். ஒன்றும் நகராது! வேகம்தான் வித்தை!

ஆஸ்திரேலியாவில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பக்கம் சுற்றும் என்பதைப் பூமி முடிவு செய்வதில்லை, விளிம்பில் இருக்கும் ஓட்டைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே முடிவு செய்கிறது! ஆனால் ஆஸ்திரேலியா உலகுக்கு உண்மையிலேயே கொடுத்த ஒன்று இருக்கிறது: இரண்டு பொத்தான் டாய்லெட்! சின்னதுக்கு ஒன்று, பெரியதுக்கு ஒன்று. 1980-ல் கரோமா நிறுவனத்தின் புரூஸ் தாம்ப்சன் கொண்டுவந்தார்! இன்று நம்ம ஊர்க் கடைகளிலும் அதுதான்!

ஒரு தடவைக்கு 26 லிட்டரா!

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மிகப் பழைய டாய்லெட்டுகள் ஒரு ஃபிளஷுக்கு எவ்வளவு குடித்தன தெரியுமா? 19 லிட்டரிலிருந்து 26 லிட்டர் வரை! ஒரு பெரிய வாளியும் போதாது! பிறகு வந்தவை 13 லிட்டர். இன்று தண்ணீர்ச் சிக்கனத்துக்கான வாட்டர்சென்ஸ் முத்திரை பெற்றவை? வெறும் 4.8 லிட்டர்!

கணக்குப் போடலாமா? வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ஐந்து தடவை. ஒரு நாளைக்கு 20 ஃபிளஷ். 13 லிட்டர் டாய்லெட் என்றால் 260 லிட்டர்! 4.8 லிட்டர் என்றால் 96 லிட்டர்! ஒரே நாளில் 164 லிட்டர் மிச்சம்! வருஷத்துக்கு? கிட்டத்தட்ட 60,000 லிட்டர்! சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 12,000 லிட்டர் லாரி ஐந்து! இரண்டு போல்ட்டைக் கழற்றி, ஒரு பீங்கானை மாற்றியதற்கு ஐந்து லாரி தண்ணீர்!

வீட்டுக்குள் எதற்கு அதிகம் தண்ணீர் செலவாகிறது? குளிக்கவா? துவைக்கவா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி டாய்லெட்டுக்குத்தான் முதல் இடம்! வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரில் ஏறக்குறைய 30 சதவிகிதம்! குடிக்கிற தரத்தில் சுத்திகரித்த நீர் அது. நினைத்தாலே மனசு பதறுகிறது!

டாய்லெட் கடத்தினார்கள்!

தங்கம் கடத்துவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். டாய்லெட் கடத்துவார்களா? கடத்தினார்கள்!

1992-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 1994 ஜனவரி 1 முதல் வீட்டுக்கான புது டாய்லெட் 6 லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது! நல்ல சட்டம்தான். ஆனால் தயாரிப்பாளர்கள் தயாராகவில்லை. பழைய வடிவத்தில் தண்ணீரை மட்டும் குறைத்தார்கள். விளைவு? ஒரு தடவை அழுத்தினால் போகவில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை! அடைப்பு வேறு! ஜனங்கள் கொதித்துப்போனார்கள்! பக்கத்து நாடான கனடாவில் 13 லிட்டர் டாய்லெட் அப்போதும் விற்பனையில் இருந்தது. விடுவார்களா? எல்லை தாண்டிப் போய் வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்!

விஷயம் நாடாளுமன்றம் வரைக்கும் போனது! கனடா எல்லையை ஒட்டிய மிச்சிகன் மாநிலத்தின் உறுப்பினர் ஜோ நாலன்பெர்க், அந்த விதியை ரத்து செய்ய மசோதாவே கொண்டுவந்தார்! நிறைவேறவில்லை. நிறைவேறாதது எவ்வளவு நல்லது என்று இப்போது தோன்றுகிறது!

ஏனென்றால் 2003-ல் ஒரு சோதனை வந்தது. டாய்லெட் எவ்வளவு தள்ளும் என்று அளக்க எதைப் போடுவது? யோசித்துப் பாருங்கள்... சோயா விழுது! ஆமாம், சமையலுக்குப் பயன்படும் அதே சோயா விழுது! மெல்லிய ரப்பர் உறையில் அடைத்து, டாய்லெட் காகிதமும் சேர்த்துப் போட்டு, ஒரே அழுத்து! எத்தனை கிராம் போகிறதோ அதுதான் மதிப்பெண்! வாட்டர்சென்ஸ் முத்திரைக்கு 350 கிராம் தேவை. முதல் ரேங்க் வாங்கும் டாய்லெட்டுகள்? 1,000 கிராம்! ஒரு கிலோ! அதுவும் ஐந்து லிட்டருக்கும் குறைவான தண்ணீரில்! பழைய 26 லிட்டர் ஆசாமி வெட்கப்பட வேண்டாமா!

ஒரு நகரமே மாற்றியது!

நியூயார்க் தண்ணீருக்குத் திண்டாடியது. கூடுதல் தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசிக்கும்போது ஒரு வழி தோன்றியது. வீட்டு டாய்லெட்டை மாற்றுங்கள், காசு தருகிறோம்! 1994-லிருந்து 1997-க்குள் எத்தனை மாறின தெரியுமா? 13 லட்சத்துக்கும் மேல்! ஒரு நாளைக்கு மிச்சமான தண்ணீர் குறைந்தது 26 கோடி லிட்டர்! மறுபடி நம் லாரிக் கணக்குக்கு வருவோம். கிட்டத்தட்ட 22,000 லாரி! வருஷத்துக்கு அல்ல, ஒவ்வொரு நாளும்!

சரி, கழற்றிய பழைய பீங்கானெல்லாம் எங்கே போகும்? குப்பை மேட்டுக்கா? இதைக் கேளுங்கள்! நியூயார்க் பள்ளிக்கூடங்களில் கழற்றிய ஏறக்குறைய 5,000 டாய்லெட்டுகளை உடைத்து, 2016-ல் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் போட்டார்கள்! எதற்கு? சிப்பி வளர! 50,000 சிப்பிகளுக்கு அந்த உடைந்த டாய்லெட்தான் வீடு! வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில் 400-க்கும் மேற்பட்ட டாய்லெட்டுகளைப் பொடித்துக் கான்கிரீட்டில் கலந்து நடைபாதை போட்டார்கள்! எதன் மேல் நடக்கிறோம் என்று அங்கே நடப்பவர்களுக்குத் தெரியுமோ என்னவோ!

கழற்றும்போது கவனம்! கவனம்!

பழைய போல்ட் துருப்பிடித்துச் சுற்றவே சுற்றாதா? ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடுவார்கள். கையுறை போட்டிருக்கிறீர்களா? உடைந்த பீங்கான் பிளேடைவிடக் கூர்மை! முதலில் தண்ணீர் வால்வை மூடி, ஃபிளஷ் பண்ணி, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது குளியல்தான்!

டாய்லெட்டைத் தூக்கியதும் தரையில் ஒரு ஓட்டை தெரியும். உடனே அதில் பழைய துணியை அடைக்க வேண்டும்! ஏன் தெரியுமா? நீர்ப்பூட்டு டாய்லெட்டோடு போய்விட்டது! இப்போது சாக்கடை நேராக உங்கள் வீட்டைப் பார்க்கிறது! மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் மேலே வரும். கை தவறி விழும் நட்டும் உள்ளே போய்விடும். ஆனால் புதியதை வைக்கும் முன் அந்தத் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள்! மறந்தவர்கள் உண்டு! முதல் ஃபிளஷிலேயே தெரிந்துவிடும்!

இறுக்குவதிலும் சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி! ஒரே பக்கம் பலத்தைக் காட்டினால்? டப்! பீங்கான் விரிசல்! புத்தம் புது டாய்லெட், அரை சுற்றில் போச்சு!

புது டாய்லெட் ஆடுகிறதா? தரை மேடுபள்ளமாக இருக்கலாம். அல்லது பீங்கானே கொஞ்சம் கோணலாக இருக்கலாம்! களிமண் சூளையில் சுமார் 1,200 டிகிரி செல்சியஸில் வேகும்போது ஏறக்குறைய பத்து சதவிகிதம் சுருங்குகிறது! அச்சில் இருந்த அளவு ஒன்று, சூளையிலிருந்து வெளியே வரும் அளவு இன்னொன்று! எத்தனை சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்கிறார்கள். அப்படியும் முடி அளவு வித்தியாசம் வராமல் இருக்குமா? சின்ன பிளாஸ்டிக் ஆப்பைச் சொருகினால் ஆட்டம் நின்றுவிடும்!

கடைசியில் சுற்றிலும் சீலன்ட் பூசும்போது பின்பக்கம் கொஞ்சம் இடம் விடுவார்கள். சோம்பேறித்தனமா? இல்லை, புத்திசாலித்தனம்! என்றைக்காவது உள்ளே கசிந்தால் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்! முழுக்க அடைத்தால் தரை அடியில் உளுத்துப்போகும் வரை தெரியவே தெரியாது!

டாய்லெட்டால் மூழ்கிய கப்பல்!

வால்வைத் தப்பாகத் திறந்தால் வீட்டில் பாத்ரூம் நனையும். கடலுக்கடியில்? 1945 ஏப்ரல் 14. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் ஜெர்மனியின் யூ-1206 நீர்மூழ்கி. ஆழத்தில் இருக்கும்போதும் ஃபிளஷ் பண்ணக்கூடிய உயரழுத்த டாய்லெட் அதில் இருந்தது. அதை இயக்கவே தனிப் பயிற்சி வேண்டும்! தவறாகக் கையாண்டதில் கடல்நீர் பீறிட்டு உள்ளே வந்து, பேட்டரிகளின் மேல் கொட்டி, குளோரின் வாயு கிளம்பியது! கப்பல் மேலே வர வேண்டியதாயிற்று, விமானங்கள் தாக்கின, கப்பலைக் கைவிட்டார்கள்! ஒரு வால்வு!

கடலுக்கடியில் இப்படி என்றால், விண்வெளியில்? சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2020-ல் அமெரிக்கா அனுப்பிய டாய்லெட்டின் செலவு? 2.3 கோடி டாலர்! அங்கே தண்ணீர் கீழே விழாது, அதனால் காற்றால் உறிஞ்ச வேண்டும். இங்கே புவியீர்ப்பு இலவசமாக அந்த வேலையைச் செய்கிறது!

தென்கொரியாவின் சுவோனில் டாய்லெட் வடிவத்திலேயே ஒரு வீடு கட்டியிருக்கிறார் அந்த ஊரின் முன்னாள் மேயர், தெரியுமா? இன்று அது அருங்காட்சியகம்! நம் டெல்லியிலும் டாய்லெட் அருங்காட்சியகம் இருக்கிறது, 1992-லிருந்து! சுலப் நிறுவனத்தின் பிந்தேஷ்வர் பாதக் தொடங்கியது. டெல்லி போனால் தவறாமல் பாருங்கள்!

டாய்லெட்டுக்குக் கூட்டம் கூடுவது புதிதும் அல்ல! 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் வைத்த ஃபிளஷ் டாய்லெட்டைப் பயன்படுத்த, ஆளுக்கு ஒரு பென்னி கொடுத்தார்கள்! எத்தனை பேர்? 8,27,280 பேர்!

உங்கள் தொட்டிக்குள் ஒரு ரகசியம்!

தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்க டாய்லெட்டுகளில் உள்சுவரிலோ மூடியின் அடியிலோ அது பிறந்த தேதி அச்சாகியிருக்கும்! 1994-க்கு முந்தையது என்றால் அது பெரும்பாலும் பெருங்குடிகாரன்தான்! அக்கா மகனுக்கு போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்! மூடியை மட்டும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பழைய மாடலின் மூடி உடைந்தால் அதே மூடி கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய மூடிகளைத் தேடி எடுத்து விற்பதற்கென்றே அங்கே கடைகள் இருக்கின்றன!

நம் வீட்டில் தேதி இல்லையா? பரவாயில்லை, வேறொரு சோதனை இருக்கிறது. சத்தமே இல்லாமல் கசியும் டாய்லெட் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரை விழுங்கும் தெரியுமா? 750 லிட்டர் வரை! நாலு பேர் பயன்படுத்தும் 13 லிட்டர் டாய்லெட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, யாருமே பயன்படுத்தாமல்!

இன்று ராத்திரி எல்லோரும் தூங்கப் போனதும் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஃபிளஷ் தொட்டிக்குள் ஊற்றுங்கள். ஃபிளஷ் பண்ணாதீர்கள். பத்தே நிமிடம் பொறுங்கள். பிறகு கீழே பீங்கானில் நிற்கும் தண்ணீரைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் தொட்டி கசிகிறது! நாளைக் காலையிலேயே கடைக்குப் போய் தொட்டியின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷரை வாங்கி மாட்டிவிடுங்கள்!